தாம்பரத்திலிருந்து துறைமுகம் வரை

தாம்பரத்தில் கடல் கிடையாது என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த சமாசாரம். அங்கே இருப்பவை ஒரு ரயில்வே ஜங்ஷன், ஆகாய விமானப் படைத் தளம், சில ஏரிகள், பச்சைமலை, ஏராளமான வீடுகள். அலையில் கால் நனைக்க ஆசைப்படுகிறவர்கள் கிழக்கே பல மைல் பஸ்ஸில் போக வேண்டும். ஆயினும், இரவு பத்து மணிக்கு மேல் ஜி. எஸ். டி. ரோட்டின் ஓரமாக அரை மணி நேரம் நின்று பார்த்தால், கடல் எங்கோ பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறதோ என்ற பிரமை ஏற்பட்டுவிடும். வீடு போன்ற நீளமான இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. டென்மார்க், ஹாம்பர்க், தைவான் முதலிய தூர தேசத்துக் கப்பல் கம்பெனிகளின் பெயர்கள் அந்தப் பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் காணப்படுகின்றன. பெருங்களத்தூர்க் காய்கறிக் கடைக்காரர் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவருக்கு அவை பழகிப்போன விருந்தாளிகள்.

உலகத்தில் சில துறைமுகங்கள் மின்னல் வேகத்தில் வேலை செய்கின்றன. சில துறைமுகங்கள் ஆமைபோல் ஊர்கின்றன. இதற்குக் காரணம் என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்குப் போய்க் கப்பலையும் பாரந்தூக்கி யந்திரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாம் சற்று விபரீதமாக யோசித்தோம். பெட்டி புறப்படுகிற இடத்திலிருந்தே பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஆகவே நமது யாத்திரை தாம்பரம் ஸானடோரியத்தில் ஆரம்பமாயிற்று.

ஸானடோரியம் என்ற பெயரே ஒரு கதை. 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கே க்ஷயரோகிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். பட்டணத்துப் புகையும் தூசியும் எட்டாத இடம், நல்ல காற்று என்பதுதான் அப்போது இதன் விசேஷம். இன்றைக்கு அந்தக் காற்றைப்பற்றி அதிகம் பேசாமலிருப்பதே மரியாதை. 1984-ல் அதே வட்டாரத்தில், ஏற்றுமதிக்காகவே பண்டங்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்கென்று அரசாங்கத்தார் ஒரு தனிப்பகுதியை வகுத்தார்கள். ஜனங்கள் அதை 'மெப்ஸ்' என்று சுருக்கி அழைக்கிறார்கள். காலை வேளையில் அதன் வாசலில் ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக உள்ளே போகும் காட்சியைப் பார்த்தால், எத்தனை குடும்பங்களின் அடுப்பு அந்த இரும்புப் பெட்டிகளை நம்பி எரிகிறது என்பது விளங்கும்.

இந்தப் பக்கத்துக்குக் கப்பலோடுள்ள உறவு புதிதன்று. வடக்கே இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் குரோம்பேட்டை, 'குரோம் லெதர் கம்பெனி' என்ற தோல் பதனிடும் ஸ்தாபனத்தினால் பெயர் பெற்ற ஊர். அதை அடுத்த பல்லாவரத்தில் தோல் ஷாப்புகள் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தன. அங்கே பதனிட்ட தோல் சீமைக்குக் கப்பலேறியது. தெற்கேயும் மேற்கேயும் போனால் மறைமலைநகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்கள். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் செய்த மோட்டார் கார்கள் கடல் கடந்து பல தேசங்களில் ஓடுகின்றன. இவ்வளவுக்கும் வெளியே போகும் வழி வடக்கே இருக்கும் கடலோரந்தான்.

மனிதர் போவதாயிருந்தால் கஷ்டமே இல்லை. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. தூரம் சுமார் 29 கிலோமீட்டர். வண்டியில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடிப்பதற்குள் பீச் வந்துவிடுகிறது. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து ரஸ்தாவைத் தாண்டினால் எதிரே துறைமுகத்தின் மதில். அதாவது, தாம்பரத்துக்காரர் ஒருவர் காலைக் காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டால், ஒரு மணி நேரத்துக்குள் கப்பலுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுவிடலாம்.

அந்த மதிலின் எதிரில் நின்றபோது, இந்தத் துறைமுகம் எப்பேர்ப்பட்ட பிடிவாதத்தின் விளைவு என்று நமக்கு நினைவு வந்தது. இயற்கை சென்னைக்குத் துறைமுகம் தரவில்லை. விரிகுடா இல்லை, ஆழமான ஆற்று முகம் இல்லை, காற்றை மறைக்கும் குன்று இல்லை. நேரான மணற்கரை, அதில் ஓயாத அலை. இரு நூறு ஆண்டுக்கு மேலாகக் கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கும் மனிதரும் அலைக்கு மேல் ஏறி இறங்கிக் கரை சேர வேண்டும். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகளின் சாமர்த்தியத்தை மெச்சாத பிரயாணி இல்லை. நனையாமல் கரை ஏறிய பிரயாணியும் அநேகமாக இல்லை.

1861-ல் கடலுக்குள் நீண்ட ஓர் இரும்புப் பாலம் வந்தது. பிறகு, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து செயற்கைத் துறைமுகத்துக்கு ஞாபகக் கல் நாட்டினார். கடலில் இரண்டு பெருஞ்சுவர்களை நீட்டி, நடுவே அமைதியான நீரை அடைத்து வைப்பது திட்டம். வேலை முடிகிற சமயத்தில், 1881 நவம்பரில், ஒரு புயல் வந்து சுவர்களைச் சிதற அடித்துவிட்டது. மறுபடியும் கட்டி முடிப்பதற்குள் அந்த நூற்றாண்டே முடியும் தறுவாய்க்கு வந்தது. அப்போதும் வாசல் நேர் கிழக்கே பார்த்தபடி இருந்ததால், அலையும் மணலும் தாராளமாக உள்ளே நுழைந்தன. 1904 முதல் 1919 வரையில் துறைமுகத்தின் தலைவராயிருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்தான் அந்த வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறக்கச் செய்தார். கணித மேதை ராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தது இவருடைய காரியாலயத்தில்தான் என்பது நேயர்கள் அறிந்ததே.

வாசலை ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்குத் திருப்பியதும் துறைமுகத்தின் குணமே மாறிவிட்டது! துறைமுகத்தின் யோக்கியதை அதன் வாசலில் இருக்கிறது என்பதை அந்தக் காலத்திலேயே சென்னை கண்டுகொண்டது. ஆனால் அன்று தொல்லை கொடுத்தது கடல் பக்கத்து வாசல். இன்று தொல்லை கொடுப்பது தரைப் பக்கத்து வாசல்.

கப்பல் பக்கத்தில் நடக்கும் வேலையை முதலில் பார்ப்போம். 1956-ல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி, சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றுவதற்குப் பதில் பெட்டியோடு ஏற்றி அனுப்பலாம் என்று 58 பெட்டிகளை ஒரு கப்பலில் அனுப்பினார். அன்று முதல் துறைமுகங்களின் தலையெழுத்து மாறியது. வாரக்கணக்கில் கூலியாட்கள் முதுகில் சுமந்த வேலையைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. சென்னையில் இதற்கென்று தனித் தளம் 1983-லேயே அமைந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதன்மையானது. பெரிய கப்பல் வந்து சேர ஆழம் வேண்டும். வந்தவுடன் இடம் காலியாக இருக்க வேண்டும். பாரந்தூக்கிகள் ஓயாமல் இயங்க வேண்டும். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது கணக்குப் புஸ்தகத்தில் பிசகாமல் இருக்க வேண்டும். அடியிலுள்ள பெட்டியை எடுப்பதற்காக மேலுள்ள நான்கு பெட்டிகளை நகர்த்த நேர்ந்தால், யந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும் பயன் இல்லை. அரிசி டின்னின் அடியில் அவசரமாகத் தேடுகிற பொருளை வைத்துவிட்ட இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்விஷயத்தில் நமது தேசம் சோடை போகவில்லை. உலக வங்கியார் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, பெட்டிக் கப்பல் ஒன்று இந்தியத் துறைமுகத்தில் சராசரி 0.9 நாள் தங்குகிறது, அமெரிக்காவில் 1.5 நாள். சிங்கப்பூரிலேயே 1 நாள் ஆகிறது. (சிங்கப்பூரை நாம் வென்றுவிட்டதாகக் கொட்டு முழக்க வேண்டாம். 2024-ல் மட்டும் இருபதடி அளவில் 4 கோடிப் பெட்டிகளுக்கு மேல் கையாண்ட இடம் அது.) அதே வங்கியாரின் 2023-ஆம் வருஷத்துத் துறைமுக வரிசையில், 405 துறைமுகங்களுக்குள் விசாகப்பட்டணத்துக்கு 18-வது இடம் கிடைத்தது, அதற்கு முந்திய வருஷம் அதன் இடம் 115. அங்கே ஒரு பாரந்தூக்கி மணிக்கு 27 பெட்டிகளுக்கு மேல் எடுத்து வைக்கிறதாம். எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்துக்கு 47-வது இடம், சென்னைக்கு 80-வது இடம். நானூற்றுச் சொச்சத்தில் எண்பது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த வரிசையைச் சற்று ஊன்றிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். அது எண்ணுவது கப்பல் காத்திருக்கும் மணியை. லாரி காத்திருக்கும் மணி அதில் சேராது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று புகழ்கிறோம். கூடத்துக்கு வெளியே வெயிலில் குழந்தைகளோடு நிற்கிறவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கப்பலுக்குச் சொந்தக்காரர் சிங்கப்பூரிலும் கோபன்ஹேகனிலும் இருப்பவர்; அவர் கோபித்துக்கொண்டால் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடுவார். லாரிக்காரர் எங்கே போவார்?

தாம்பரத்திலிருந்து புறப்படும் பெட்டியின் பாதையைக் கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். கனமான லாரிகள் முக்கியமான காலை மாலை வேளைகளில் நகரத்துக்குள் நுழையக் கூடாது. ஆகவே பெட்டியானது பெருங்களத்தூரில் புறவழிச் சாலையில் ஏறி, மதுரவாயலைக் கடந்து, மாதவரம், மணலிப் பக்கம் சென்று, எண்ணூர் நெடுஞ்சாலையில் இறங்கி, தெற்கே திரும்பி, துறைமுகத்தின் வடக்கு வாசலுக்கு வந்து சேர வேண்டும். தெற்கிலிருந்து புறப்பட்டவன் பட்டணத்தைப் பாதிப் பிரதக்ஷிணம் செய்து வடக்கேயிருந்து வருகிறான்! துறைமுகத்தைச் சுற்றித்தான் சென்னை வளர்ந்தது. வளர்ந்த நகரம், தன்னை வளர்த்த துறைமுகத்தின் கழுத்தையே இறுக்கிவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் லாரிகள் வரிசை நின்ற செய்தி பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அவ்வரிசைக்கு இரு புறமும் வசிக்கும் திருவொற்றியூர், காசிமேட்டு ஜனங்கள் பட்ட பாடு தனிப் புராணம். நிலக்கரித் தூசியும் அவர்கள் வீட்டுச் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது. ஹைகோர்ட் உத்தரவினால் 2011-ல்தான் அந்தச் சரக்கு சென்னையை விட்டு எண்ணூருக்குப் போயிற்று.

இதற்கு மருந்தாக, மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரையில் தூண்களின்மேல் ஓர் ஆகாய ரஸ்தா போடத் தீர்மானித்தார்கள். 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சில தூண்களும் எழுந்தன. கூவம் ஆற்றின் ஓட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று 2012-ல் வேலை நிறுத்தப்பட்டது. பிறகு விவாதம், வழக்கு, புதுத் திட்டம். ஒரு தட்டு ரஸ்தா இரண்டு தட்டு ரஸ்தாவாயிற்று. 2022 மே மாதத்தில் மறுபடியும் அடிக்கல். ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் நடுவில் 13 வருஷம்! கூவத்தின் ஓட்டத்தைப்பற்றி இவ்வளவு கவலை கொண்ட தலைமுறை முன்னும் பின்னும் இருந்ததாகத் தெரியவில்லை.

மற்றத் தேசத்தார் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் என்ற இரண்டு துறைமுகங்களுக்கும் இதே வியாதிதான். நகரம் குறுக்கே நின்றது. அவர்கள் சரக்கு ரயிலுக்கென்றே 20 மைல் தூரத்துக்குத் தனிப்பாதை அமைத்து 2002-ல் திறந்தார்கள். அதில் 10 மைல் தூரம், குறுக்கிடும் தெருக்களுக்குக் கீழே 33 அடி ஆழப் பள்ளத்தில் செல்கிறது. 20 மைல் என்பது நமது தாம்பரம்–பீச் தூரத்தைவிடச் சிறிதே அதிகம். நம்மிடமும் அந்தப் பாதையில் தண்டவாளம் உண்டு. ஆனால் சில நிமிஷத்துக்கு ஒன்றாகப் பிரயாணிகள் வண்டி ஓடும் தண்டவாளத்தில் சரக்குக்கு இடம் ஏது? சிங்கப்பூர்க்காரர்களோ வாசலிலேயே வித்தை காட்டினார்கள். 1989-லேயே சுங்க இலாகாக் காகிதங்களையெல்லாம் மின்கம்பி வழியே அனுப்பும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே வாசலில் லாரியின் அடையாளத்தையும் பெட்டியின் எண்ணையும் யந்திரமே படித்து, அரை நிமிஷத்துக்குள் உள்ளே விட்டுவிடுகிறது.

வாசலில் முத்திரை பார்ப்பது நமக்குப் புது வித்தையா என்ன? காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டசாலை முற்றத்தில் மலைபோல் குவிந்த மூட்டைகளுக்குப் புலி முத்திரை இட்டுச் சுங்கம் வாங்கிய அதிகாரிகளைப்பற்றிப் பட்டினப்பாலை சொல்கிறது. இப்போது தொழிற்சாலையிலேயே பெட்டியை மூடிக் கம்பியில்லாத் தந்தி முறையில் பேசும் மின்முத்திரை பூட்டி அனுப்பலாம் என்று 2017 முதல் விதி செய்திருக்கிறார்கள். துறைமுகத்தில் திறந்து பார்க்கும் சிரமம் பெரும்பாலும் மிச்சம். தாம்பரத்தில் பூட்டிய பூட்டைக் கடலுக்கு அப்பால் திறந்தால் போதும். சுங்கம் இவ்வளவு துரிதப்பட்ட பிறகும் ரஸ்தா துரிதப்படவில்லை என்பதுதான் விசித்திரம்.

வண்டலூரில் நாம் இரண்டாவது பாதையைப் பிடித்தோம். இங்கே தொடங்கும் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர் சுற்றி, நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூரில் முடிகிறது. அகலமான ரஸ்தா, இரு புறமும் வயலும், வயலாயிருந்து மனைக்கட்டான நிலமும், ஏரிகளும். சந்திப்பின் அருகே ஒரு டீக்கடையில் லாரி ஓட்டுநர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். விழுப்புரத்துப் பக்கத்தவர், பெட்டி லாரியில் பதினெட்டு வருஷ அனுபவம்.

"எத்தனை மைல் ஓட்டினோம்கிறதிலே பிழைப்பு இல்லீங்க ஐயா, எத்தனை நடை அடிச்சோம்கிறதிலேதான் பிழைப்பு. இந்த ரோடு வந்தப்புறம் வாரத்துக்கு ரெண்டு நடை கூட வருது. முன்னே ஒரு வாசல்லே ஒன்றரை நாள் நின்னேன். வண்டியை விட்டு எறங்கவும் முடியாது, தூங்கவும் முடியாது" என்றார்.

எந்த வாசல் என்று அவரும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. அவருடைய கணக்கு எந்த நிபுணருடைய கணக்குக்கும் இளைத்ததன்று. லாரி நிற்கும் நேரத்துக்கும் தவணை கட்ட வேண்டும். அந்த நஷ்டம் வாடகையில் ஏறுகிறது. வாடகை சட்டையின் விலையில் ஏறுகிறது. சட்டையின் விலை ஏறினால் வாங்குகிறவன் வேறு தேசத்துச் சட்டையை வாங்கிக்கொள்கிறான்.

வெளிவட்டச் சாலை போய்ச் சேரும் வடக்குப் பிரதேசத்தில் இரண்டு புதுத் துறைமுகங்கள் இருக்கின்றன. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல், முக்கியமாக அனல் மின்சார நிலையங்களின் நிலக்கரிக்காகத் திறக்கப்பட்டது. 2014-ல் காமராஜர் பெயர் பெற்றது. 2020-ல் சென்னைத் துறைமுகமே அதை வாங்கிக்கொண்டது. ஒரகடத்துக் கார்கள் இங்கேதான் கப்பலுக்குள் தாமே ஓடி ஏறுகின்றன. அதை அடுத்த காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம். 2013-ல் வேலை தொடங்கியது. இவ்விரண்டும் சென்னைத் துறைமுகத்தைவிட அறிவாளிகள் என்று சொல்வதற்கில்லை. அவற்றின் வாசலுக்கு எதிரே ஜார்ஜ் டவுன் இல்லை, அவ்வளவே.

ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உப்பளமும் கழிமுகமும், வடக்கே பழவேற்காட்டு ஏரியும், அவற்றை நம்பிய மீனவர் குப்பங்களும் உள்ளன. காட்டுப்பள்ளியை மேலும் விஸ்தரிக்கப் போட்ட திட்டத்தை அவர்கள் பலமாக எதிர்த்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பயம் ஆதாரமற்றதன்று. சென்னையில் அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. தெற்கே உலாவப் போகிறவர்களுக்குக் கிடைத்த மணல், வடக்கே வலை உலர்த்துகிறவர்கள் இழந்த மணல். ஒரு துறைமுகத்தின் கணக்கை எழுதும்போது இந்தப் பற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இரவு தாம்பரத்துக்குத் திரும்பும் வழியில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகை வெளிச்சம் தெரிந்தது. பெட்டிக் கப்பல் ரயிலைப்போல் குறித்த நாளில் வந்து குறித்த நாளில் போவது. வாசல் மூடும் நேரத்துக்குள் போய்ச் சேராத பெட்டி, பெரும்பாலும் மறு வாரத்துக் கப்பலுக்குக் காத்திருக்கிறது. சீமை வியாபாரியோ ஒரு வாரம் பொறுப்பதில்லை. விமானத்தில் அனுப்பு, கூலி உன் தலையில் என்கிறான். ஆகவே வடக்கே கடலைப் பார்த்துப் போயிருக்க வேண்டிய சட்டைகளும் செருப்புகளும் சில சமயம் பல்லாவரத்துக் கூரைகளின் மேலாகப் பறந்து போகின்றன. இலாபத்தில் எவ்வளவு அவற்றோடு பறந்தது என்பது மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.